எண்ணூற்றில் ஒன்று

எந்திரம் அடியோடு நின்றுவிட்டால் அதைச் செப்பனிடுவது எளிது. எது ஒடிந்தது, எது எரிந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். அல்லது அளந்து பார்த்தால் தெரியும். நாள் முழுதும் நன்றாக ஓடி, எப்போதோ ஒரு முறை நின்று, பொத்தானை அழுத்தியதும் ஒன்றும் அறியாததுபோல் மீண்டும் ஓடத் தொடங்கும் எந்திரமே பட்டறைக்காரனின் உறக்கத்தைக் கெடுப்பது. அத்தகைய எந்திரம் ஒன்றோடு நான் பட்ட பாட்டையும், அதில் நான் செய்த பிழையையும், பொறியியல் பயிலும் நண்பர்களுக்கும் பயிலாத நண்பர்களுக்கும் விளங்குமாறு எழுத முயல்கின்றேன்.

இப்பல்கலைக்கழகத்திற்கு மேற்படிப்புக்காக வருமுன் ஈராண்டுக் காலம் நான் நவி மும்பையில் வேலை பார்த்தேன். குடியிருப்பு செம்பூரில். காலையில் துறைமுகப் பாதை மின்வண்டியில் ஏறினால் கோவண்டி, மான்குர்து நிலையங்களைத் தாண்டி, தாணே கழியின்மேல் செல்லும் நீண்ட பாலத்தைக் கடந்து வாஷியில் இறங்கலாம். 1992ஆம் ஆண்டில்தான் இந்த இருப்புப்பாதை வாஷியை எட்டிற்று. 1962இல் தோன்றிய மகாராட்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் பேட்டை ஒரு புறம். 1970இல் தோன்றிய சிட்கோ நிறுவனம் எழுப்பிய புதுநகர் மறு புறம். தாராவித் தமிழரையும் செம்பூர்த் தமிழரையும் அவ்வண்டியின் ஒரே பெட்டியில் காணலாம். பேச்சைக் கேட்டே இன்னார் திருநெல்வேலி, இன்னார் பாலக்காடு என்று சொல்லிவிடலாம். அதுவே எனக்கு அந்த அரைமணி நேரப் பொழுதுபோக்கு.

வாஷி நிலையத்திலிருந்து பங்கு ஆட்டோவில் சென்றால் துர்பே பக்கத்தில் எங்கள் பட்டறை. மும்பையில் இத்தகைய சிறு தொழிற்கூட அறையைக் 'காலா' என்பார்கள். எங்கள் முதலாளிக்கு அடுத்தடுத்து இரண்டு காலாக்கள். ஒன்றில் மூன்று சி.என்.சி. மில்லிங் எந்திரங்கள், மற்றொன்றில் செய்து முடித்த உருப்படிகளைத் துப்புரவு செய்து பெட்டியில் அடுக்கும் வேலை. இந்த இரண்டாவது காலாவை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். நான் ஒரு மாதத்திற்கு மேல் அதை மறந்திருந்தேன்.

மில்லிங் எந்திரம் என்பது சுழலும் கருவியால் உலோகத்தைச் செதுக்குவதும் துளைப்பதும் ஆகிய வேலையைச் செய்வது. 1952இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், துளையிட்ட நாடாவில் பொறித்த எண்களைக் கொண்டே ஒரு மில்லிங் எந்திரத்தை ஓட்டிக் காட்டினர். ஆயினும் ஓர் உருப்படிக்குப் பத்துக் கருவிகள் வேண்டுமென்றால், பத்து முறையும் மனிதன்தான் அவற்றை மாற்ற வேண்டியிருந்தது. 1958இல் மில்வாக்கி நகரத்துக் கியர்னி அண்டு டிரெக்கர் நிறுவனத்தார் தன் கருவியைத் தானே மாற்றிக்கொள்ளும் எந்திரத்தை வெளியிட்டனர். அன்று வியப்பாக இருந்த அக்கருவி மாற்றி இன்று துர்பேயில் தகரக் கூரையின்கீழ் உள்ள பட்டறைகளிலும் இருக்கிறது. பட்டறையில் அதை ஏ.டி.சி. என்பர்.

அது இயங்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் எந்திரத்தில் 24 கருவிகள் ஒரு வட்டத் தட்டின் ஓரத்தில் குவளைகளில் தொங்கும். வேண்டிய கருவியின் குவளை கீழ்நோக்கிக் கவிழும். ஸ்பிண்டில் எனப்படும் சுழல்தண்டு குறித்த உயரத்திற்கு ஏறி, குறித்த கோணத்தில் திரும்பி நிற்கும். இரு முனையிலும் கவ்விகளை உடைய கை ஒன்று திரும்பி, ஒரு முனையால் ஸ்பிண்டிலில் உள்ள பழைய கருவியையும், மறு முனையால் குவளையில் உள்ள புதிய கருவியையும் ஒரே நேரத்தில் பற்றும். ஸ்பிண்டில் தன் பிடியை விடும். கை இறங்கும், அரைவட்டம் சுற்றும், ஏறும். ஸ்பிண்டில் புதிய கருவியைப் பிடித்துக்கொள்ளும். கை தன்னிடம் போய் நிற்கும். இத்தனையும் ஏறத்தாழ மூன்று வினாடியில் முடியும்.

இதில் முதன்மையாக அறிய வேண்டியது யாதெனில், எந்திரம் எதையும் நம்புவதில்லை. ஒவ்வோர் அடியும் முடிந்ததென்று ஓர் உணர்வி சொன்ன பிறகே அடுத்த அடி வைக்கும். அந்த உணர்வியை மும்பைப் பட்டறைகளில் 'பிராக்ஸி' என்பார்கள். தொடாமலே அருகில் உலோகம் இருப்பதை அறியும் சுவிட்சு அது. அதையும் 1958இல்தான் ஜெர்மனியில் பெப்பெர்ல் அண்டு ஃபுக்ஸ் நிறுவனத்தார் உருவாக்கினர் என்பது எனக்குப் பிடித்த ஒரு செய்தி. குறித்த நேரத்திற்குள் பிராக்ஸி 'ஆம்' என்று சொல்லாவிடில், எந்திரம் அலாரம் எழுப்பி நின்றுவிடும்.

எங்கள் இரண்டாம் எண் எந்திரம் ஜூன் மாதக் கடைசியில் அவ்வாறு நிற்கத் தொடங்கிற்று. திரையில் வரும் சொல் எப்போதும் ஒன்றே: கருவி விடுபட்டது உறுதியாகவில்லை. கை இரண்டு கருவிகளையும் பற்றியபடி அந்தரத்தில் நிற்கும். வாரத்திற்கு மூன்று முறை, நான்கு முறை. மற்ற நேரமெல்லாம் ஒரு குறையும் இல்லை.

மழைக்காலமாதலால் காற்றுக் குழாயில் நீர் கோத்திருக்கும் என்று முதலில் எண்ணினேன். வடிகட்டியைத் திறந்தால் உண்மையிலேயே நீர் வந்தது. மகிழ்ந்தேன், மறுநாள் இரவே எந்திரம் நின்றது. பிறகு பிராக்ஸியையே மாற்றிவிடுவோம் என்று லோஹார் சாலுக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்து பொருத்தினேன். ஒன்பது நாள் எந்திரம் நிற்கவில்லை. முதலாளி எல்லாருக்கும் வடா பாவ் வாங்கிக் கொடுத்தார். பத்தாம் நாள் நின்றது. காற்றைத் திறந்து மூடும் வால்வை மாற்றினேன். இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் நின்றது.

இந்நிலையில் நான் கண்டதாக நினைத்த ஓர் உண்மை உண்டு. பெரும்பாலும் இரவு முறையிலேதான் பழுது வந்தது. இரவு முறையில் அந்த எந்திரத்தைப் பார்த்துக்கொண்டவன் தாராவி 90 அடிச் சாலைப் பக்கத்திலிருந்து வரும் இருபத்திரண்டு வயது இளைஞன். ஐ.டி.ஐ. படித்துவிட்டு, வீட்டில் மூத்த பிள்ளையாக வேலைக்கு வந்தவன். கருவி மாறும்போது இடையில் எவரேனும் நிறுத்தும் பொத்தானைத் தொட்டாலும் எந்திரம் இடைவழியில் நின்றுபோகும். இரவில் தூக்கக் கலக்கத்தில் அவன் எதையோ தொடுகிறான் என்று நான் முடிவு செய்தேன். முதலாளி எழுத்தில் கேட்டார். 'இயக்குபவரின் கவனக்குறைவாக இருக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தேன். 'இருக்கலாம்' என்று நான் எழுதியதை அவர் 'ஆகும்' என்று படித்துக்கொண்டார். மாதக் கடைசியோடு அவனை நிறுத்திவிடுவது என்று பேச்சு எழுந்தது.

அவனிடம் நான் நேரில் ஒன்றும் கேட்கவில்லை என்பதை இப்போது எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எங்கள் பட்டறையில் பழுது பார்ப்பவர் ஒருவர் இருந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சிறுவயதில் தாராவிக்கு வந்தவர். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். சி.என்.சி. வருமுன்பே கையால் ஓட்டும் எந்திரங்களில் பழகியவர். என் அறிக்கையைப் பற்றிக் கேள்விப்பட்டு, தேநீர் வேளையில் என்னிடம் வந்தார்.

"தம்பி, இதுவரை எத்தன தடவ நின்னுது?"

"பத்துப் பன்னிரண்டு இருக்கும், அண்ணாச்சி."

"பத்தா, பன்னிரண்டா?"

எனக்குத் தெரியவில்லை. எந்தக் கருவி போய் எந்தக் கருவி வரும்போது நின்றது, எத்தனை மணிக்கு நின்றது, அப்போது காற்று எவ்வளவு இருந்தது என்று அடுக்கிக்கொண்டே போனார். ஒன்றுக்கும் என்னிடம் விடையில்லை. "ஒண்ணுமே எழுதி வைக்கல, ஆனா ஆள மட்டும் எழுதிக் கொடுத்திட்டியே" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அண்ணாச்சியே முதலாளியிடம் பேசி மூன்று வாரத் தவணை வாங்கினார். நாற்பது பக்க நோட்டு ஒன்றை எந்திரத்தின் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டோம். நாள், மணி, வெளியேறும் கருவி, வரும் கருவி, காற்றழுத்தம், எந்திரம் தொடங்கி எத்தனை நேரம், அருகில் வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று கட்டங்கள். கடைசிக் கட்டம் அண்ணாச்சி போட்டது. எனக்கு அது வீண் வேலையாகத் தோன்றியது. எழுதும் பொறுப்பை அந்த இளைஞனிடமே கொடுத்தார். அவன் எழுத்து என் எழுத்தைவிட அழகானது.

இவ்விடத்தில் நோய் நாடும் முறையைப் பற்றிய குறளை எடுத்துக்காட்டுவது நம் இதழ்க் கட்டுரைகளின் எழுதாச் சட்டம். அதை இம்முறை வாசகர்களே மனத்திற்குள் செய்துகொள்ளலாம்.

நோட்டு நிரம்பும்வரை நாங்கள் சும்மா இருக்கவில்லை. இடைவிட்டு வரும் பழுதுக்கு வழக்கமான காரணங்கள் சில உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தோம். எந்திரத்தோடு மேலும் கீழும் ஓடும் கம்பிகள், உறை கெடாமலே உள்ளே அறுந்திருக்கலாம். ஒரு வளைவில் முனைகள் தொடும், மறு வளைவில் விலகும். மின் அளவியைப் பொருத்திவிட்டுக் கம்பியை மெல்ல அசைத்து வந்தால் தெரிந்துவிடும். அசைத்தோம், கம்பி நன்றாக இருந்தது. பிராக்ஸியின் முகத்தில் இரும்புத் துகள் ஒட்டி ஏமாற்றலாம்; துடைத்தோம். கருவியின் தலையில் திருகப்பட்டிருக்கும் 'புல் ஸ்டட்' என்னும் குமிழ் தளர்ந்திருந்தால், ஸ்பிண்டில் அதை ஒரு முறை சரியாகவும் ஒரு முறை கோணலாகவும் பிடிக்கும். பழுது ஒரு குறிப்பிட்ட கருவியோடு மட்டும் வருமானால் முதலில் ஐயுற வேண்டியது இதனையே. எங்கள் நோட்டில் ஒரே கருவி இரு முறை வந்ததே அரிது. ஆகவே கருவிகள் மேல் குற்றம் இல்லை.

கை இடைவழியில் நிற்கும்போது செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் பற்றி ஒரு சொல். அப்போது ஸ்பிண்டில் பிடியை விட்டிருக்கிறதா இல்லையா என்பது வெளியே தெரியாது. பொறுமையின்றிக் கையை அசைத்தால் பல கிலோ எடையுள்ள கருவி கீழே விழும். விரல் இருந்தால் விரலும் போகும். முதலில் மின்சாரத்தை அடைத்து, கருவியின் கீழே மரக்கட்டை ஒன்றை முட்டுக் கொடுத்து, பிறகுதான் கையை ஓட்டும் மோட்டாரின் பிரேக்கை விடுவித்து மெல்லத் திருக வேண்டும். இதனினும் மறைவான ஆபத்து ஒன்று உண்டு. எந்தக் குவளையில் எந்தக் கருவி இருக்கிறது என்பதை எந்திரம் ஒரு பட்டியலில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அதைத் தானே திருத்திக்கொள்கிறது. நாம் கையால் மாற்றினால் அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. ஒரு முறை நான் கையைப் பின்னோக்கித் திருகுவதற்கு மாறாக முன்னோக்கித் திருகிவிட்டேன். குட்டையான முகச்சீவுளி இருக்க வேண்டிய ஸ்பிண்டிலில் நீண்ட துளைப்பான் வந்து அமர்ந்தது. எந்திரமோ தன்னிடம் சீவுளி இருப்பதாகவே எண்ணிக் குட்டைக் கருவிக்கு உரிய ஆழத்திற்கு விரைந்து இறங்கியது. துளைப்பான் மூன்று துண்டாயிற்று, உருப்படியும் போயிற்று. அன்று இரவு முறை அல்ல, பகல். இயக்குபவனும் அவன் அல்லன். அந்த இழப்பைப் பற்றி எவரும் எழுத்தில் அறிக்கை கேட்கவில்லை.

இரண்டாம் வாரத்தில் அண்ணாச்சி இயக்குபவர் இருவரையும் இடம் மாற்றினார். அந்த இளைஞன் பகலுக்கு வந்தான். பகல் ஆள் இரவுக்குப் போனார். பழுது ஆளோடு பகலுக்கு வரவில்லை, இரவிலேயே தங்கிவிட்டது. ஒரு காசு செலவில்லாமல் என் அறிக்கை பொய்யாயிற்று. முதலாளியிடம் போய் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவர் அதை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துத் தந்தபோது, அதன் பின்பக்கத்தில் ஏதோ கணக்குப் போட்டிருந்தார். அவனுக்குத் தர வேண்டிய சம்பளப் பாக்கி என்று நினைக்கின்றேன்.

பதினெட்டு வேலை நாட்களின் முடிவில் நோட்டில் பதினொரு பதிவுகள் இருந்தன. ஒன்பது இரவு, இரண்டு பகல். காற்றழுத்தக் கட்டத்தில் எல்லாவற்றிலும் '6 கிலோ' என்றே இருந்தது. இருக்க வேண்டியதும் அதுவே. ஒன்பது இரவுப் பதிவுகளையே நான் திரும்பத் திரும்பப் படித்தேன். இரவில் மின்னழுத்தம் ஏறுமோ, இரவின் குளிர்ச்சியால் ஏதேனும் சுருங்குமோ என்றெல்லாம் கற்பனை ஓடியது. அண்ணாச்சி அந்த ஒன்பதையும் விட்டுவிட்டு இரண்டு பகல் பதிவுகளைக் கையில் எடுத்தார். அவ்விரண்டின் கடைசிக் கட்டத்திலும் அந்த இளைஞன் தன் அழகான எழுத்தில் ஒரே சொல்லை எழுதியிருந்தான்: 'பிளாஸ்டிங்'.

இரண்டாவது காலாவில் ஒரு பெட்டி உண்டு. காற்றின் விசையால் நுண்மணலை வீசி உருப்படியின் மேற்பரப்பைத் துலக்குவது. தூசி பறக்கும் என்பதற்காக அதை இரவில் அரைமணி நேரம் மட்டும் ஓட்டுவது வழக்கம். அவசர வேலையாக இரண்டு நாள் மட்டும் பகலில் ஓட்டினார்கள். இரு காலாக்களுக்கும் காற்று அழுத்தி ஒன்றே.

"ஆனால் காற்று எப்போதும் 6 கிலோ இருக்கிறதே, அண்ணாச்சி" என்றேன்.

"எப்பப் பாத்த? நின்னதுக்கு அப்புறந்தான பாத்த?"

உண்மைதான். அலாரம் வந்து, ஆள் ஓடி வந்து, மானியைப் பார்ப்பதற்குள் காற்று மீண்டு வந்திருக்கும். அன்றிரவு என் கைப்பேசியை மானிக்கு எதிரே கம்பியில் கட்டி ஓடவிட்டேன். காலையில் படத்தை ஓட்டிப் பார்த்தோம். இரவு பதினொன்றரை மணியளவில் முள் 6இலிருந்து 4.7 வரை சரிவதும், சில வினாடியில் ஏறுவதும், மீண்டும் சரிவதுமாக அரைமணி நேரம் ஆடிற்று. காற்றுக் குறைந்தால் எச்சரிக்கும் சுவிட்சு ஒன்று எந்திரத்தில் இருக்கத்தான் செய்கிறது. அதை எவரோ 4.5இல் அமைத்திருந்தனர். ஆகவே அது வாய் திறக்கவில்லை.

எனினும் ஓர் ஐயம் எஞ்சியது. காற்றுக் குறைவே முழுக் காரணமாயின், அந்த அரைமணி நேரத்தில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்திலும் எந்திரம் நிற்க வேண்டுமே? அரைமணியில் பதினான்கு மாற்றங்களாவது நடக்கும். நின்றதோ இரண்டு இரவுக்கு ஒரு முறை.

இதற்கு விடை ஸ்பிண்டிலின் உள்ளே இருக்கிறது. கருவியின் மேற்பகுதி ஒரு கூம்பு. 24 மில்லிமீட்டர் நீளத்திற்கு 7 மில்லிமீட்டர் விட்டம் குறையும் சரிவு. ஸ்பிண்டிலுக்குள் 'டிரா பார்' என்னும் தண்டு அக்கூம்பை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. இழுக்கும் விசையைத் தருபவை அடுக்கடுக்காகக் கோத்த தட்டு ஸ்பிரிங்குகள். குழிந்த தட்டுப்போன்ற இவ்வகை ஸ்பிரிங்குக்கு 1867இல் உரிமை பெற்ற பிரெஞ்சுக்காரர் பெல்வில் பெயராலேயே இன்றும் அவை வழங்குகின்றன. எங்கள் எந்திரத்தின் அளவில் அவை ஏறத்தாழ ஒரு டன் எடைக்கு ஒப்பான விசையோடு கருவியைப் பிடித்திருக்கும். பிடிப்பது ஸ்பிரிங்கு, விடுவிப்பதே காற்று. மின்சாரமும் காற்றும் ஒருங்கே நின்றாலும் கருவி நழுவாதிருக்க இந்த ஏற்பாடு.

விடுவிக்கும்போது காற்றுருளை டிரா பாரைக் கீழே தள்ளி ஸ்பிரிங்குகளை அமுக்குகிறது. அமுக்க அமுக்க அவற்றின் எதிர்ப்பு வளர்கிறது. ஆதலால் முதல் சில மில்லிமீட்டர் எளிது. கடைசி ஒரு மில்லிமீட்டரே கடினம். அழுத்தம் 6இலிருந்து 4.7ஆகக் குறைந்தால் தள்ளும் விசை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். அப்போது தண்டு கருவியை விடும் அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் முழுத் தொலைவும் இறங்காது. அந்தக் கடைசித் தொலைவைத்தான் பிராக்ஸி பார்த்துக்கொண்டிருக்கிறது.

இனி பிராக்ஸியைப் பார்ப்போம். இரண்டு மில்லிமீட்டர் எட்டும் என்று குறிக்கப்பட்ட பிராக்ஸியை, அதில் ஐந்தில் நான்கு பங்குக்குள் வைத்தால்தான் வெப்பத்திலும் தடுமாற்றத்திலும் தவறாது அறியும். அளவித் தகடு கொண்டு பார்த்தேன். எங்களுடையது ஏறத்தாழ எல்லையிலேயே நின்றது. பூட்டு நட்டு சிறிது தளர்ந்து, எந்திரத்தின் அதிர்வில் மெல்ல மெல்லப் பின்வாங்கியிருந்தது. நான் புதியதை மாற்றியபோது ஒன்பது நாள் எந்திரம் நிற்காதிருந்ததன் மருமம் இதுவே. பழைய பிராக்ஸியில் ஒரு குற்றமும் இருந்திருக்காது. மாற்றும்போது இடைவெளி சரியாயிற்று, நட்டை நான் போதிய அளவு இறுக்காததால் மீண்டும் தளர்ந்தது.

ஆக, குற்றவாளிகள் இருவர். காற்று முழுதாக இருந்தால், பின்வாங்கிய பிராக்ஸியும் தண்டைக் கண்டுகொள்ளும். பிராக்ஸி ஒழுங்காக இருந்தால், காற்றுக் குறைந்தாலும் தண்டைக் கண்டுகொள்ளும். இருவரும் ஒரே நொடியில் சேர வேண்டும். முள் மிகத் தாழ்ந்திருக்கும் வினாடியும் கருவி மாறும் வினாடியும் ஒன்றாக வேண்டும். தனித்தனியே பார்த்தால் எதுவும் பழுது அல்ல. பகுதியைப் பகுதியாக மாற்றிக்கொண்டே போனவனுக்கு இது அகப்படாததில் வியப்பென்ன?

கண்டுபிடித்துவிட்டோம் என்று நான் துள்ளினேன். அண்ணாச்சி ஒப்பவில்லை. "வரவழைச்சுக் காட்டு, அப்புறம் நம்புதேன்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உருப்படி எதுவும் பூட்டாமல், கருவியை மாற்றுவதையே திரும்பத் திரும்பச் செய்யுமாறு எந்திரத்திற்குக் கட்டளை எழுதினேன். மணல்பெட்டியை ஓடவிட்டு 200 மாற்றங்கள்: ஏழு முறை நின்றது. மணல்பெட்டியை நிறுத்தி 200: ஒரு முறையும் இல்லை. பிராக்ஸியை மட்டும் சரிசெய்து, மணல்பெட்டி ஓட 200: இல்லை. பிராக்ஸியைப் பழைய இடத்திற்கே தள்ளி, பெட்டிக்குப் போகும் காற்றை மட்டும் குறைத்து 200: இல்லை. மாலை ஆறு மணிக்கு அண்ணாச்சி "சரி" என்றார். அவ்வளவுதான் அவர் பாராட்டு.

பரிகாரம் பெருஞ்செலவில்லை. பிராக்ஸியின் இடைவெளியை அமைத்து, நட்டு தளராதிருக்கப் பசை இட்டு இறுக்கினோம். எந்திரத்தின் அருகே சிறு காற்றுத் தொட்டி ஒன்றும், அதிலிருந்து காற்று பின்னோக்கிப் போகாதபடி ஒருவழி வால்வும் வைத்தோம். எல்லாவற்றிலும் பயனுள்ளது என்று நான் கருதுவது மூன்றாவது வேலை: காற்றுச் சுவிட்சை 4.5இலிருந்து 5.3க்கு உயர்த்தினோம். இனிக் காற்றுக் குறைந்தால் எந்திரம் கருவியின்மேல் பழிபோடாமல் 'காற்றுக் குறைவு' என்றே சொல்லும்.

பிறகு எண்ணத் தொடங்கினோம். ஓர் உருப்படிக்கு 12 கருவி, ஒரு முறைக்கு 20 உருப்படி. ஆக 240 மாற்றம். நாளொன்றுக்கு இரு முறை, 480. பதினெட்டு நாளில் 8640 மாற்றங்களில் பதினொரு முறை நின்றது என்றால், ஏறக்குறைய எண்ணூற்றில் ஒன்று. எண்ணூற்றில் ஒன்று என்றால் 800 மாற்றத்திற்குள் ஒரு முறையேனும் வந்தே தீரும் என்று நாம் நினைக்கிறோம். கணக்கு அவ்வாறு சொல்லவில்லை. பழுது ஒழுங்கு முறையின்றி வருவதாகக் கொண்டால், ஒன்றும் திருத்தப்படாத எந்திரமும் 800 மாற்றங்களை நிற்காமல் கடந்துவிட நூற்றுக்கு 37 பங்கு வாய்ப்பு உண்டு. நான் வால்வை மாற்றியபின் இருந்த இரண்டு நாள் அமைதிக்கு, தற்செயலாகவே நூற்றுக்கு 30 பங்கு வாய்ப்பு. அதன் மும்மடங்கு, அதாவது 2400 மாற்றங்கள் நிற்காமல் ஓடினால்தான் அவ்வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தாகக் குறைகிறது. ஆகவே ஐந்து நாள் காத்திருந்த பிறகே வாய் திறப்பது என்று முடிவு செய்தோம். மணல்பெட்டியையும் அந்த ஐந்து இரவும் தவறாமல் ஓடவிட்டோம். புள்ளியியல் வகுப்பில் தூங்கியவன் நான். அந்த ஐந்து நாளும் எனக்குத் தூக்கம் இல்லை.

எந்திரம் நிற்கவில்லை. ஐந்து நாள், பிறகு ஐந்து வாரம்.

மாதக் கடைசி வந்து போனது. அந்த இளைஞன் வேலையில் இருந்தான். நான் அவனிடம் நடந்ததைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். "தெரியும் அண்ணா, அண்ணாச்சி அப்பவே சொல்லிட்டாங்க" என்றான். எல்லாம் தெரிந்துகொண்டேதான் அந்த நோட்டில் அவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கிறான்.

ஆறாம் வாரம் எந்திரம் நின்றது. எனக்கு நெஞ்சு படபடத்தது. போய்ப் பார்த்தால், இந்த முறை அலாரத்தில் வேறு சொல்: குவளை கவிழ்ந்தது உறுதியாகவில்லை. நோட்டில் பன்னிரண்டாவது பதிவாக அவன் அதை எழுதி, கடைசிக் கட்டத்தில் 'குவளைப் பக்கத்துக் கம்பியை அசைத்தால் விளக்கு அணைகிறது' என்றும் குறித்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். அரைமணி நேரத்தில் கம்பியை மாற்றினோம்.